வெள்ளைக் குதிரைக்குத் தவிடு

எங்கள் தோட்டத்தில் மாடு உண்டு, ஆடு உண்டு, கோழி உண்டு. குதிரை என்றால் முனியாண்டி கோயில் வாசலில் நிற்கும் சிமெண்டுக் குதிரைதான். எண்பதுகளில் ஒரு நாள் லோரியில் உயிருள்ள குதிரை ஒன்று வந்து இறங்கியது. அதுவும் வெள்ளை.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது தோட்டம். ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டிருந்தார்கள். ஆற்றுப் பக்கம் பழைய மரங்கள். மேட்டில் புதிதாக நட்ட இளங்கன்றுகள்.

குதிரை மேனேஜருடையது. கோலாலம்பூரில் பந்தயம் ஓடி, கால் சலித்து, கழித்துவிட்ட பெட்டைக் குதிரை. மகள் சவாரி பழக வாங்கினார். அந்தப் பிள்ளை கொஞ்ச காலம் பங்களாவைச் சுற்றிச் சுற்றிச் சவாரி செய்தது. பிறகு படிக்க லண்டனுக்குப் போய்விட்டது. குதிரை கொட்டகையில் நின்றது.

முதலில் மாட்டுக்காரர் ஒருவரை அதற்குப் போட்டார்கள். அவர் மாட்டிடம் போவதுபோல் பின்பக்கமாகப் போய் உதை வாங்கினார்.

"அது மாடு இல்லலா, ஒம் பொண்டாட்டி மாதிரி. முன்னால வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் கிட்டப் போவணும்" என்று வேலை வாங்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் சொன்னார். மாட்டுக்காரர் மறுநாள் வரவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். புல்லுக்கு மருந்து அடிக்கும் கூட்டத்தில் வேலை. எந்த நிரையில் எப்போது மருந்து அடித்தோம் என்று எனக்குத் தெரியும். மருந்து பட்ட புல்லைக் குதிரைக்கு அறுத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் கூப்பிட்டார் மேனேஜர். வேறு காரணம் இல்லை.

என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே தவறிவிட்டார். பிள்ளை இல்லை. காலையில் போனால் வெயில் சாயும் வரை குதிரையோடுதான். அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்கு ஒத்து வந்தது.

மேனேஜரின் பிள்ளை இருந்தவரை கோலாலம்பூரிலிருந்து சாக்கில் தீவனம் வரும். பிள்ளை போனதும் நின்றது. "சவாரி இல்லை. இனி புல்லு போதும்" என்றார் மேனேஜர். அது தப்பில்லை. ஓடாத குதிரைக்குப் புல்லே போதும் என்று பின்னால் வந்த டாக்டரும் சொன்னார். ஆனால் எந்தப் புல், அதில் எது இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. நான் ஆற்றோரம் ஆள் உயரம் வளர்ந்த அகலப் புல்லை அறுத்தேன். அறுக்க லேசு. ஒரு கட்டு சீக்கிரம் சேரும். அந்தப் பக்கம் மருந்தும் அடிப்பதில்லை.

கொஞ்சம் இளைத்தது. விலா தெரிந்தது.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். முனியாண்டியின் வாகனம் வெள்ளைக் குதிரை. கோயிலில் இருப்பது சிமெண்டு. இங்கே இருப்பது மூச்சு விடுகிறது, கண் கொட்டுகிறது. ஜனங்கள் மனது எப்படி இருக்கும்? முதலில் ஒருவர் வேலியில் மாலை போட்டுவிட்டுப் போனார். அடுத்து ஒருவர் சூடம் கொளுத்த வந்தார். நெருப்பைக் கண்டு குதிரை கலவரப்பட்டதால் வாட்ச்மேன் தடுத்துவிட்டார். பிறகு தவிடு வந்தது.

தவிட்டுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. தஞ்சோங் காராங் நெல் மில்லிலிருந்து மாட்டுக்கு என்று மூட்டை மூட்டையாக வரும். கறவை மாட்டுக்குத் தவிடு வைத்தால் பால் கூடும். இளைத்த மாட்டுக்கு வைத்தால் உடம்பு வரும். அதைத்தான் குதிரைக்கும் செய்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பெரட்டுக்கு, அதாவது மண்டோர் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரத்துக்கு, முன்னால் வருவார்கள். தவிட்டில் வெல்லத்தைத் தூளாக்கிப் பிசைந்து பேசின் என்கிற அகலக் கிண்ணத்தில் கொண்டு வருவார்கள். குதிரை மூக்கு முழுவதும் தவிடு அப்பிக்கொண்டு தின்னும். கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள்.

அதில் தவறாமல் வந்தவள் எதிர் வீட்டு அக்கா. என்னை விட ஏழெட்டு வயது மூத்தவள். புருசனுக்குச் சீனி வியாதி. காலில் புண் வந்து ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் உயிரோடு வீடு வந்து சேரும் வரை வெள்ளைக் குதிரைக்குத் தவிடு வைப்பதாக அக்கா முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் வைத்தவள், அவருக்கு இரண்டாம் தடவை கத்தி வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தினமும் வைக்க ஆரம்பித்தாள்.

சில மாதத்தில் குதிரையின் முகம் மாறியது. கண்ணுக்குக் கீழே, மூக்குக்கு மேலே, இரண்டு பக்கமும் புடைத்து வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

"பாத்தியா, மூஞ்சில சதை போட்டிருச்சி" என்றாள் அக்கா. "தவிடு வேல செய்யுது."

"கல்யாணப் பொண்ணு மாதிரி கன்னம் வந்திருச்சி" என்றாள் கூட வந்த ஒருத்தி.

நானும் அப்படித்தான் நினைத்தேன். விலா தெரிகிற குதிரைக்குக் கன்னம் மட்டும் எப்படிச் சதை போடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு புல்லை மென்று உருண்டையாகக் கீழே போட ஆரம்பித்தது. நடை குறுகியது. ஒரு நாள் முன்னங்காலைத் தாங்கும். அடுத்த நாள் அந்தக் கால் சரியாக இருக்கும், பின்னங்காலைத் தாங்கும். திரும்பும்போது மரக்கட்டை திரும்புவது மாதிரி திரும்பும். குளம்பில் முள் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மேனேஜரிடம் சொன்னேன்.

அவர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"எனக்கு மாற்றல் வந்திருக்கு. வருஷக் கடைசியில ஜொகூருக்குப் போகணும். அங்க குதிரை வைக்க இடம் இல்லை. சுங்கை ஆயர் தாவார்ல என் கூட்டாளி தென்னந்தோப்பு வச்சிருக்கார். ரெண்டு குதிரை இருக்கு. இதையும் எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

நான் வாளியை நகர்த்தி வைத்தேன்.

"ஆனா லோரியில நிக்கணும். சபாக் ஊரும் தாண்டி அவ்வளவு தூரம் போகணும். இந்த நடையில ஏறாது. ஏறினாலும் விழுந்து எலும்பு முறியும். அதுக்குள்ள சரியாகலேன்னா ஊசி போட்டுத் தூங்க வைக்க வேண்டியதுதான்."

தூங்க வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தலையாட்டினேன்.

அந்த வாரமே மேனேஜர் கோலாலம்பூர் போய் ஒரு பெட்டி நிறையச் சாமான் வாங்கி வந்தார். கொட்டகைப் பலகையில் வரிசையாக வைத்தார். ஒரு சிவப்பு டின், இரத்தம் ஊறுவதற்கு. ஒரு மஞ்சள் டின், எல்லா வைட்டமினும் அதில் இருக்கிறதாம். படத்தில் ஒரு குதிரை வேலி தாண்டியது. ஒரு பாட்டிலில் கறுப்பு டானிக். மாடு நக்குகிற கல் ஒன்று. ஒரு பிளாஸ்டிக் பையில் வெறும் வெள்ளைத் தூள். அதில் படம் எதுவும் இல்லை.

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போடு. எது குறையோ அது சரியாகும்" என்றார்.

படம் போட்ட டின்னைத் திறந்து மோந்து பார்த்தேன். நல்ல வாசம். ஆனாலும் போடவில்லை. மருந்து கலக்கிப் பழகியவள் நான். இரண்டு மருந்தை ஒன்றாக ஊற்றினால் பம்பில் கட்டி கட்டியாகத் திரண்டதைப் பார்த்திருக்கிறேன். குதிரை டாக்டர் ஒருவர் மறுநாள் வருவதாக மேனேஜரே சொல்லியிருந்தார். ஒரு நாள் பொறுத்தால் ஒன்றும் கெடாது.

டாக்டர் வந்தார். பஞ்சாபிக்காரர், வயதானவர், தலைப்பாகை. தமிழ் தெரியாது. என்னோடு மலாயில் பேசினார். எனக்குக் கடைத்தெரு மலாய் தெரியும், அது போதுமாக இருந்தது.

டின் எதையும் அவர் பார்க்கவில்லை. "முதலில் என்ன தின்கிறது என்று காட்டு" என்றார். புல்லுக்கட்டைக் காட்டினேன். ஒரு புல் தாளை எடுத்துக் கிழித்துப் பார்த்தார். "இது மட்டும்தானா?" என்றார். மூலையில் அக்காவின் பேசின் இருந்தது. அதைக் காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"டெடாக்" என்றார். தவிடு என்று அர்த்தம். "தினமும்?"

"தினமும்."

குதிரையின் கன்னப் புடைப்பை விரலால் தட்டினார். குதிரை தலையை இழுத்துக்கொண்டது. "இது சதை இல்லை, எலும்பு" என்றார். "கெட்டி இல்லாத எலும்பு. உள்ளே நார்."

பிறகு ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். மேனேஜரும் நின்று கேட்டார். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஆற்றோரத்து அகலப் புல்லில் அது இருந்தாலும், புல்லிலேயே இன்னொரு சத்து அதைக் கட்டிப் போட்டு வைத்திருக்கிறது. மாட்டுக்கு நாலு வயிறு, அது கட்டை அவிழ்த்துக்கொள்ளும். குதிரையால் முடியாது. அதோடு தவிடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தவிட்டில் உள்ள சத்துக்கு ஈடு கொடுக்க உடம்பு சுண்ணாம்பைத் தேடும். புல்லில் கிடைக்கவில்லை என்றால் எலும்பிலிருந்து எடுக்கும். எடுத்த இடத்தில் வீங்கும். மாட்டுக்கு நல்லது குதிரைக்கு எமன். மாட்டை வளர்த்த ஜனங்கள் எல்லாம் இந்தத் தப்பைச் செய்கிறார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் பலகைப் பக்கம் திரும்பினார். சிவப்பு டின்னை எடுத்து ஒதுக்கினார். "நம் மண்ணில் இரும்பு நிறைய, புல்லிலும் நிறைய. இது வேண்டாம்." மஞ்சள் டின்னின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "பச்சைப் புல் தின்கிறதுக்கு இதில் பாதி வேண்டாம். இதில் இருக்கிற ஒரு சாமான் அந்தப் பாட்டிலிலும் இருக்கிறது. கொஞ்சம் வேண்டும், ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் குளம்பு கழன்று விழும். அதை நான் பார்த்திருக்கிறேன்." இரண்டையும் ஒதுக்கினார். மாட்டுக் கல்லைக் காலால் தள்ளினார். கடைசியில் படம் இல்லாத வெள்ளைத் தூளைக் கையில் எடுத்தார்.

"இதுதான், சுண்ணாம்புச் சத்து. இதோடு உப்பு. சாதாரண உப்பு. இந்த ஊர் வெயிலில் வியர்வையிலேயே எல்லாம் போய்விடும்."

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ரொம்ப மலிவானதே இதுதான்" என்றார்.

டாக்டர் புல்லையும் மாற்றச் சொன்னார். ரோட்டோரத்தில் படரும் குட்டைப் புல். அதோடு இளங்கன்றுக் காட்டில் மண்ணை மூட விதைக்கிற கொடி. நாங்கள் காச்சாங் கொடி என்போம். அவரை மாதிரி இலை, ஊதாப் பூ. அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு என்றார். அந்தக் கொடியை அறுக்க மண்டோர் விடமாட்டார். மண் காய்ந்துவிடும் என்று சண்டைக்கு வருவார். மேனேஜர் சொன்னதால் ஓரமாக அறுத்துக்கொள்ளச் சொன்னார்.

"தேறுமா?" என்று நான் கேட்டேன்.

"தவிட்டை நிறுத்தினால் நடை தேறும். முகம் பழையபடி வராது. தவிடு ஒரு கை உள்ளே போனாலும் இந்தத் தூள் வீண்" என்றார்.

தூளை ஊட்டுவது லேசாக இல்லை. புல் மேல் தூவினால் உதறிவிட்டுத் தின்றது. தவிட்டில் கலந்தால் தின்னும், அது முடியாது. கொடியைப் பொடியாக நறுக்கி, சீனித் தண்ணீர் தெளித்து, ஈரத்தில் தூளைப் பிசைந்து வைத்தேன். முதல் நாள் மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். மத்தியானம்தான் தின்றது.

தவிடு வேண்டாம், காச்சாங் கொடிதான் நல்லது என்று லயத்தில் சொல்லிவிட்டேன். பாதிப் பேர் கேட்டுக்கொண்டார்கள். மீதிப் பேர் ஏதோ முணுமுணுத்துவிட்டு நிறுத்தினார்கள். அக்கா மட்டும் மறுநாளும் பேசினோடு வந்தாள்.

"இனிமே தவிடு வேணாங்க்கா" என்றேன்.

"ஏன்?"

"டாக்டர் வேணாண்ணு சொல்லிட்டாரு."

"அந்தத் தலப்பாகட்டு டாக்டருக்கு முனியாண்டியப் பத்தி என்னா தெரியும்?"

"முனியாண்டியப் பத்தித் தெரியாது. எலும்பப் பத்தித் தெரியும்."

அக்கா பேசினை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "நான் வேண்டியிருக்கேன். பாதியில நிறுத்துனா அவரு அங்கேயே போயிருவாரு. ஒம் புருசனா ஆஸ்பத்திரியில கெடக்கான்? ஒனக்கு என்னாடி?"

என் புருசன் எங்கே கிடக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தூக்கிப் போனவர்களோடு அவளும் சுடுகாட்டு ரோடு வரை வந்தவள். சொன்ன பிறகு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசினோடு போய்விட்டாள்.

தூள் கொடுக்க ஆரம்பித்துச் சில வாரம் ஆயிற்று. நடை தேறவில்லை. ஒரு காலையில் குதிரையின் மீசை மயிரில் தவிடு ஒட்டியிருந்தது. நான் உப்பு வாங்கவோ புல்லறுக்கவோ போகும் நேரம் பார்த்து அக்கா வந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். அவர் வாட்ச்மேனை நிறுத்தியிருப்பார். அக்காவைக் கூப்பிட்டுத் திட்டவும் திட்டியிருப்பார். புருசன் ஆஸ்பத்திரியில் இருக்கிறவளுக்கு அதுவும் வேண்டுமா? நான் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கொட்டகைக்குள்ளேயே நின்றேன்.

அக்கா வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. தூங்கவில்லை.

"விடு தங்கச்சி. பாதத்த எடுத்தும் ஆறல. இன்னிக்கி முட்டி வரைக்கும் எடுக்குறாங்க. இன்னிக்கி மட்டும் விடு."

"இங்க வாக்கா."

பேசினை வாங்கிக் கீழே வைத்தேன். அவள் கையைப் பிடித்துக் குதிரையின் கன்னத்தில் வைத்தேன். மெதுவாக அமுக்கினேன். குதிரை நடுங்கியது. ஆனால் விலகவில்லை. அது விலகிப் போகிற நிலையிலும் இல்லை.

"சதையா இது?" என்றேன்.

அக்கா கையை எடுக்கவில்லை. விரலால் ஓரம் வரை தடவிப் பார்த்தாள். அடுத்த பக்கமும் தடவினாள்.

"எலும்பா?"

"எலும்பு. தவிடு தின்னத் தின்ன காலுல இருக்கிற எலும்பும் இப்படித்தான் ஆவுது. நிக்க முடியல. வருஷக் கடைசிக்குள்ள நடக்கலேன்னா ஊசி போட்டுருவாங்க."

"கொன்னுருவாங்களா?"

"ஆமா."

தூரத்தில் பெரட்டு மணி அடித்தது. இருவரும் போகவில்லை.

"காலு வலியோட நின்னுக்கிட்டா நான் வச்சதத் தின்னுச்சி?" என்றாள்.

நான் குதிரையின் பிடரியைக் கோதினேன்.

"அப்ப என் வேண்டுதல என்னா பண்ணுறது?"

"எனக்குத் தெரியாதுக்கா."

உண்மையிலேயே தெரியாது. வாயில் வந்ததைச் சொல்லி அவளைத் தேற்றியிருக்கலாம். எனக்கு அப்படிப் பேச வராது.

அக்கா பேசினைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வாய்க்காலில் தவிட்டைக் கொட்டினாள். பேசினைக் கழுவினாள். அங்கிருந்தே கேட்டாள்.

"அந்தக் கொடி எங்க இருக்குன்ன?"

"மேட்டுல. எளங்கன்னுக் காட்டுல."

அன்று மாலை வேலை முடிந்து ஒரு கட்டுக் கொடி கொண்டு வந்தாள். பாம்பு கிடக்கிற காடு அது. கை முழுவதும் கீறல். கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். முனியாண்டியிடம் என்ன சொன்னாளோ, நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் கொடி வந்தது.

அதன் பிறகுதான் குதிரை தேறியது. புல்லை மென்று கீழே போடுவது நின்றது. வாரம் போகப் போகக் காலைத் தாங்குவது குறைந்தது. வாளித் தண்ணீரைத் தேடித் தானே நடந்து போனது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

அக்காவின் புருசன் தேறவில்லை. காலை எடுத்த பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. மழைக் காலம் ஆரம்பித்தபோது வேனில் கொண்டு வந்து லயத்து வாசலில் இறக்கினார்கள்.

நானும் போய் உட்கார்ந்தேன். பெண்கள் அழுதுகொண்டே பேசினார்கள். என் காதில் விழட்டும் என்றே பேசினார்கள்.

"சாமிக்கு வச்சத நிறுத்தலாமா?"

"குதிரை எந்திரிச்சிருச்சி. மனுசன் படுத்துட்டாரு."

"மேனேஜர் குதிரைக்குப் பதிலு இவரப் போயி வாங்கிக்கிச்சி சாமி."

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்டிருப்பாள். என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்து வந்து குதிரைக்குத் தூள் கலந்தேன். கை வேலையைச் செய்தது.

அந்த நாட்களில் கொடியை நானே அறுத்தேன். லயத்தில் சிலர் என்னோடு பேசுவதை விட்டார்கள். நான் முன்பும் அதிகம் பேசினவள் இல்லை. அதனால் பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இருந்தது.

கருமாதி முடிந்தது. ஒரு மாலை அக்கா வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. தலையில் கொடிக்கட்டு. இறக்கி வைத்தாள்.

"இனிமே எதுக்குக்கா? வேண்டுதல்தான்…" என்றேன். முடிக்கத் தெரியவில்லை.

"வேண்டுதல் அவருக்கு. கொடி குதிரைக்கு" என்றாள். "நறுக்கவா?"

கத்தியைக் கொடுத்தேன். நறுக்கினாள்.

வருஷக் கடைசியில் டாக்டர் மறுபடியும் வந்தார். குதிரையைச் செம்மண் ரோட்டில் நடத்தச் சொன்னார். நடத்தினேன். திருப்பச் சொன்னார். திருப்பினேன். கல் கிடந்த இடத்தில் ஒரு முறை தடுக்கியது. குதிரை சமாளித்துக்கொண்டு நடந்தது. டாக்டர் குனிந்து ஒவ்வொரு காலாகத் தடவினார். நாங்கள் பார்த்து நின்றோம். மேனேஜர், நான், கொஞ்சம் தள்ளி அக்கா.

"இனி ஓட முடியாது. யாரும் மேலே உட்காரவும் கூடாது. லோரியில் மணல் போட்டு மெதுவாகப் போனால் நிற்கும்" என்றார். "ஊசி வேண்டாம்."

மேனேஜர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அன்று வெயில் இல்லை.

லோரி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தற்செயல்தான். சுங்கை ஆயர் தாவார் தோப்பிலிருந்து குதிரைக்காரர் ஒருவரும் கூட வந்திருந்தார். தமிழர், வாயாடி. வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். லோரியில் பலகை சாய்த்தார்கள். நான் முன்னால் கொடியைக் காட்டிக்கொண்டு ஏறினேன். குதிரை பலகையில் ஒரு கால் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பலகை கிறீச்சிட்டது. யாரும் கயிற்றை இழுக்கவில்லை. அதுவாக ஏறட்டும் என்று நின்றோம். ஏறியது. மணலில் நான்கு காலையும் ஊன்றி நின்றது.

குதிரைக்காரர் அதன் விலாவைப் பார்த்தார். "என்னாம்மா, எலும்பும் தோலுமா குடுக்குறீங்க? மூஞ்சி மட்டும் யானை மாதிரி இருக்கு. கவலப்படாதீங்கலா. எங்க பக்கம் ரோட்டுக்கு ரோடு நெல் மில்லு. மூட்டை மூட்டையாத் தவிடு போட்டு ஒரே மாசத்துல ஆளாக்கிடுறேன்."

என் வாய் திறப்பதற்குள் அக்கா லோரி அருகில் போய்விட்டாள்.

"போடாத" என்றாள்.

"என்னாது?"

"தவிடு போடாத. ஒரு கையும் போடாத."

அவர் சிரித்தார். "ஏன்க்கா? குதிரை என்னா வெரதமா இருக்கு?"

"நான் போட்டவ. சொல்றேன், கேளு" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "சதை போடும்னு போட்டேன். எலும்பத் தின்னுருச்சி. மூஞ்சி இப்படி ஆனது என்னாலதான். பாசமாத்தான் போட்டேன். நீயும் பாசமாப் போட்டுறாத."

அவர் சிரிப்பை நிறுத்தினார். குதிரையின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அக்காவின் வெறும் நெற்றியையும் பார்த்தார்.

"சரிக்கா" என்றார்.

மற்றதை நான் சொன்னேன். வெள்ளைத் தூள் தினமும், ஈரம் பண்ணி, கொடியோடு. உப்பு எப்போதும் எட்டுகிற இடத்தில். படம் போட்ட டின் யார் கொடுத்தாலும் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. ஆற்றோரத்து அகலப் புல் வேண்டாம். திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். தவிட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அக்கா அவரைப் பார்த்தாள். "தவிடு வேணாம்" என்று அதையும் சேர்த்துச் சொன்னார்.

நான் இறங்கினேன். பலகையைத் தூக்கி மாட்டினார்கள். லோரி முதல் கியரிலேயே போனது. வளைவில் குதிரை ஒரு பக்கம் சாய்ந்தது. கால் மாற்றி நின்றுகொண்டது.

பெரட்டு முடிந்திருந்தது. மண்டோர் எங்கள் இருவர் பேரையும் பிந்தி வந்தவர்களோடு சேர்த்து, மேட்டில் கொடி படர்ந்த பக்கம் வேலைக்கு அனுப்பினார்.